மெத்தையை நனைக்கும் குட்டி

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று மாதப் பெண் லாப்ரடார் குட்டி இருக்கிறாள், பெயர் ஜூலி. பிறந்த நாற்பதாம் நாள் வாங்கி வந்தோம். பகலில் மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனால் சமர்த்தாக ஒன்னுக்குப் போய்விடுகிறாள். ராத்திரியானால் தன் படுக்கையிலேயே போய்விடுகிறாள். முதலில் பழைய புடவையை மடித்துப் போட்டோம். அப்புறம் ஆன்லைனில் மெத்தை வாங்கினோம். அதையும் விட்டுவைக்கவில்லை. தினமும் ஃபினாயில் போட்டு அலசிக் காயவைக்கிறேன். மூக்கை அதில் வைத்துத் தேய்த்தால்தான் புத்தி வரும் என்கிறார் மாமியார். ராத்திரி பால் கொடுப்பதை நிறுத்த என் கணவருக்கு மனசில்லை. இது வாடகை வீடு, கீழே ஹவுஸ் ஓனர் குடியிருக்கிறார். என்ன செய்வது?
- ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: முதல் வேலையாக, இன்று ராத்திரியே அந்த மெத்தையை எடுத்துவிடுங்கள். புடவை, சாக்கு, கால்மிதி, எதுவும் வேண்டாம். ஜூலி கொஞ்ச நாள் வெறும் தரையில் படுக்கட்டும். கடலூர் வெக்கையில் லாப்ரடார் குட்டி தானாகவே மெத்தையை விட்டு இறங்கி மொசைக் தரையில் வயிற்றை ஒட்டிப் படுப்பதைப் பார்த்திருப்பீர்கள். மழைக்காலத்தில் தரை ரொம்பச் சில்லென்று இருந்தால் ஒரு மெல்லிய பருத்தித் துண்டு போதும். அதையும் தினமும் மாற்றிவிடுங்கள்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், மெத்தை நனைந்தாலும் குட்டிக்குக் கஷ்டம் தெரிவதில்லை. அத்தனையையும் பஞ்சு குடித்துவிடும். இரண்டடி தள்ளிச் சுருண்டு படுத்தால் கால்கூட ஈரமாகாது. தரையில் போனால் தேங்கி நிற்கும், பாதம் நனையும், குட்டிக்கே பிடிக்காது. நாய்க்குட்டிகள் மூன்று வார வயதிலேயே தாய் படுக்கும் இடத்தை விட்டு நகர்ந்து போய் ஒன்னுக்குப் போகக் கற்றுக்கொள்ள ஆரம்பிக்கும். காலுக்கடியில் எப்படிப்பட்ட தரை இருந்தால் போவது என்ற பழக்கமும் இரண்டு மாதத்துக்குள் ஓரளவு படிந்துவிடும். விற்றவர் ஜூலியைக் கூண்டில் சாக்கோ துணியோ விரித்து வைத்திருந்தால், மெத்தென்று இருக்கும் இடம்தான் கழிப்பிடம் என்று அங்கேயே அவள் கற்றிருப்பாள். அவளைப் பொறுத்தவரை நீங்கள் வாங்கிப் போட்டது நல்ல விலையுயர்ந்த கழிப்பறை. (எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ல் மத்திய அரசு விதியே கொண்டுவந்தது. நாற்பது நாள் குட்டியை விற்கிறவர்கள் இன்னமும் இருக்கத்தான் செய்கிறார்கள்.)

இதே காரணத்தால், குட்டிகள் ஒன்னுக்குப் போவதற்கென்றே தரையில் விரிக்கும் பஞ்சு விரிப்பான பப்பி பேடையும் ஜூலிக்கு வாங்காதீர்கள். வேறு குட்டிகளுக்குச் சரிப்படலாம். இவளுக்கு அது இன்னொரு மெத்தை.

பழக்கத்தை மாற்றும் முன்னால் நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அவள் எழுந்து, மோந்து பார்த்து, பின்னங்காலை மடக்கி உட்கார்ந்து போகிறாளா? இல்லை, தூங்கும்போதே தெரியாமல் போய்விடுகிறதா? இரண்டும் வேறு வேறு. ராத்திரி அவள் நன்றாகத் தூங்கும்போது மெதுவாகப் போய் வாலுக்கு அடியில் ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பாருங்கள். உட்கார்ந்து போகும் குட்டிக்கு அந்த இடம் காய்ந்திருக்கும். ஒழுகும் குட்டிக்கு ஈரம் ஒட்டும். அங்குள்ள முடி மஞ்சள் பாய்ந்து பிசுபிசுக்கும், படுத்த இடத்தில் இடுப்புக்கு நேர் கீழே மட்டும் வட்டமாக ஈரம் இருக்கும். அப்படியானால் எந்தப் பயிற்சியும் பலிக்காது. சிறுநீரகத்திலிருந்து மூத்திரப்பைக்கு வர வேண்டிய குழாய், சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே இடம் மாறி, பையைத் தாண்டிப் போய்ச் சேர்ந்திருக்கும். பெண் குட்டிகளுக்குத்தான் இது அதிகம். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஹஸ்கி மாதிரி இனங்களில் கூடுதலாகக் காணப்படுகிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்து அறுவை சிகிச்சையில் சரிசெய்ய வழி உண்டு.

உட்கார்ந்துதான் போகிறாள், ஆனால் சொட்டுச் சொட்டாக அடிக்கடி போகிறாள், முக்குகிறாள், அந்த இடத்தை நக்கிக்கொண்டே இருக்கிறாள், நாற்றம் தூக்கலாக இருக்கிறது அல்லது சிவப்பாகத் தெரிகிறது என்றால் கிருமித் தொற்றாக இருக்கலாம். காலையில் மாடிக்கு வந்தவுடன் அவள் உட்காரும் நேரம் பார்த்து, கழுவித் துடைத்த தட்டு ஒன்றைப் பின்னாலிருந்து நீட்டிப் பிடியுங்கள். முன்னாலிருந்து நீட்டினால் விளையாட்டு என்று எழுந்துவிடுவாள். மெடிக்கல் கடையில் விற்கும் யூரின் டப்பாவில் ஊற்றி, தாமதிக்காமல் டாக்டரிடம் கொண்டு போங்கள். கடலூரிலேயே அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது. மேல்சிகிச்சை தேவைப்பட்டால் புதுச்சேரி குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போகும்போது தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் போங்கள். குடற்பூச்சி மருந்து எப்போது கொடுத்தீர்கள் என்று கேட்பார்கள்.

இது எதுவும் இல்லை என்றால் சரி, மிச்சம் நேரக்கணக்குதான். குட்டியின் வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால், அத்தனை மணி நேரம் அடக்கலாம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். அது உச்சவரம்பு. ஜூலிக்கு நாலு மணி நேரம். பத்து மணிக்குப் படுக்கவைத்துவிட்டு ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தால் அவள் என்ன செய்வாள், பாவம்?

ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். நீங்கள் படுக்கப் போகும் முன் கடைசியாக ஒருமுறை மாடிக்கு. இரண்டு மணி வாக்கில் அலாரம் வைத்து ஒருமுறை. விடியும்போது, அவள் முனகும் முன்பே ஒருமுறை. போகும்போது தூக்கிக்கொண்டே போங்கள். வளரும் லாப்ரடாரின் இடுப்புக்குப் படிக்கட்டு நல்லதில்லை, தவிர பாதிப் படியில் நின்று போய்விட்டால் ஹவுஸ் ஓனருக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். ராத்திரி நேரத்தில் கொஞ்சல், விளையாட்டு, விளக்கு எதுவும் வேண்டாம். அவள் கழுத்துப் பட்டையில் கயிறு மாட்டி ஒரே மூலையில் நிறுத்துங்கள். போனதும் மெல்ல ‘சபாஷ்’ சொல்லித் தட்டிக்கொடுத்து, திரும்பத் தூக்கி வந்து படுக்கப் போடுங்கள். பகலில் அந்த நொடியிலேயே ஒரு துண்டு பிஸ்கட் கொடுக்கலாம். வீட்டுக்குள் வந்த பிறகு கொடுத்தால், உள்ளே வந்ததற்குக் கிடைத்தது என்று நினைத்துக்கொள்வாள்.

ராத்திரி அவளை ஹாலில் தனியே விடாமல் உங்கள் கட்டில் பக்கத்தில் படுக்க வையுங்கள். திரும்பிப் படுக்கும் அளவுக்கு மட்டும் இடம் விட்டுத் தடுத்துக்கொள்ளுங்கள். நிறைய இடம் இருந்தால் ஒரு மூலையில் தூங்கி இன்னொரு மூலையில் போய்விடுவாள். பக்கத்தில் இருந்தால் அவள் எழுந்து வட்டமடிக்கும் சத்தம் உங்கள் காதில் விழும். சில ராத்திரி தொடர்ந்து காய்ந்தே இருந்தால் இரண்டு மணி அலாரத்தைக் கால் மணி, அரை மணியாகத் தள்ளிக்கொண்டே போங்கள்.

ஃபினாயிலை விட்டுவிடுங்கள். நமக்குத்தான் அந்த வாசனையில் மூத்திர நாற்றம் மறையும், நாயின் மூக்குக்கு மறையாது. கறுப்பு ஃபினாயில் பட்ட தரையைக் குட்டி நக்கினால் உடம்புக்கும் கெடுதல். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம், மூத்திரத்தில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்தால் கண்ணையும் மூக்கையும் எரிக்கும் வாயு வரும். மூத்திர நாற்றத்தைச் சிதைத்துப் போக்கும் என்சைம் கிளீனர் என்ற திரவம் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும். அது இல்லாவிட்டால் வெள்ளை வினிகரைச் சம அளவு தண்ணீரில் கலந்து துடைத்து, பிறகு வெறும் தண்ணீரில் துடையுங்கள். ஃபோம் மெத்தையைக் காப்பாற்றும் ஆசையை விடுங்கள். நம்மூர்க் கடல்காற்றில் உள்ஃபோம் என்றைக்கும் முழுசாகக் காயாது, வெயில் படும்போதெல்லாம் நாற்றம் கிளம்பும்.

நனைந்த புடவையை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அகலமான, ஆழம் குறைந்த பிளாஸ்டிக் தட்டில் மணல் நிரப்பி, புடவையில் ஒரு முழம் கிழித்து மணலுக்கடியில் புதைத்து, மாடியில் அவள் போகும் மூலையில் வையுங்கள். வாசனை அங்கே கூப்பிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் தட்டை மாடிப்படி முடியும் கூரைக்கு அடியில் நகர்த்திக்கொள்ளலாம். மழையில் நனைய மாட்டேன் என்று அடம்பிடிக்கும் குட்டிகள் வீட்டுக்குள் ஓடிவந்து மெத்தையைத் தேடுவது அந்த மாதங்களில்தான். தடுப்பூசி முழுசாக முடியும்வரை தெருவில் தேங்கிய தண்ணீரில் இறக்க வேண்டாம். எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் வரும்.

மாமியார் சொல்வது அந்தக் காலத்திலிருந்து வரும் வைத்தியம், அவர் மேல் தப்பில்லை. ஆனால் மூக்கைத் தேய்த்தால் குட்டி கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: இவர்கள் கண் முன்னால் போகக் கூடாது. அப்புறம் மாடியில் நீங்கள் பக்கத்தில் நின்றால் அடக்கிக்கொண்டு, உள்ளே வந்து கட்டிலுக்கடியில் போவாள். அதட்டினாலே பயத்தில் நின்ற இடத்தில் போய்விடும் குட்டிகளும் உண்டு. அவரிடமே பிஸ்கட் டப்பாவைக் கொடுத்து, பகலில் மாடிக்குத் தூக்கிப் போகும் பொறுப்பை ஒப்படைத்துப் பாருங்கள்.

உங்கள் கணவர் பாலை நிறுத்தத்தான் வேண்டும். பால் மறந்த குட்டிகள் பலவற்றுக்குப் பசும்பால் ஜீரணமாகாது, வயிறு இளகும். படுக்கும் நேரத்தில் குடித்தால் இரண்டு மணி வரைகூடத் தாங்காது. ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால் பகலில் இரண்டு ஸ்பூன் தயிர் கொடுக்கட்டும். தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். படுக்கும் முன் ஒரு மணி நேரம் கிண்ணத்தை எடுத்து வைக்கலாம், அதுவும் சித்திரை, வைகாசியில் வேண்டாம்.

இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து ராத்திரி நனையாமல் இருந்தால், மெத்தை போடாமல் முதலில் துவைத்த துண்டைப் போட்டுப் பாருங்கள். அது தாங்கினால் உறை கழற்றித் துவைக்கிற மாதிரி மெல்லிய மெத்தை வாங்கலாம். ஒருநாள் நனைத்துவிட்டால் பெரிதுபடுத்தாமல் மறுபடி தரை, மறுபடி அலாரம். ஆறு மாதம் தாண்டியும் இதே கதை என்றால், முதலில் எல்லாம் சரி என்று டாக்டர் சொல்லியிருந்தாலும், மறுபடி ஒருமுறை காட்டிவிடுங்கள்.