'முடிச்சிடு' என்றதும் கார்டு மாயமாவது ஏன்?

கேள்வி: காரைக்குடியில் பழைய வீடுகளைச் செப்பனிடும் தொழில் செய்கிறோம். பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை என்று ஒரே நேரத்தில் மூன்று, நான்கு வீட்டு வேலை ஓடும். எல்லாம் டிரெல்லோவில், அதாவது வேலைகளைப் போர்டில் பட்டியல் பட்டியலாக வைக்கும் செயலியில், கார்டாக இருக்கிறது. அண்ணன் மகன் அதில், சொன்னதைத் தானே செய்துமுடிக்கும் ஒரு ஏஐ ஏஜென்டை இணைத்துக் கொடுத்தான். "பள்ளத்தூர் வளவில் கல் பதிச்சாச்சு, அந்த வேலையை முடிச்சிடு" என்றேன். கார்டையே காணோம்! இன்னொரு நாள் தேவகோட்டைக்குப் பதில் கானாடுகாத்தான் கார்டை நகர்த்திவிட்டது. விலை கூடின ஏஐ மாடலுக்கு மாறச் சொல்கிறார் ஒரு கன்சல்டன்ட். மாறலாமா?

பதில்: வேண்டாம். காசு கையிலேயே இருக்கட்டும்.

கார்டு பெரும்பாலும் அழிந்திருக்காது. போர்டு மெனுவில் ஆர்கைவ் செய்தவற்றை, அதாவது கண்ணில் படாமல் ஒதுக்கி வைத்தவற்றைத் திறந்து பாருங்கள், அங்கிருந்து திரும்ப எடுத்துவிடலாம். டிரெல்லோவின் உள்கணக்கில் ஒரு கார்டை 'குளோஸ்' செய்வது என்றால் அதை ஆர்கைவ் செய்வதுதான். வேலை முடிந்ததைக் காட்ட வேறு பட்டியலுக்கு நகர்த்த வேண்டும், அல்லது முடிந்ததாக டிக் போட வேண்டும். நீங்கள் 'முடிச்சிடு' என்றீர்கள், அது குளோஸ் செய்துவிட்டது.

ஏஜென்டுக்கு உங்கள் போர்டின் பழக்கவழக்கம் எதுவும் தெரியாது. அதை டிரெல்லோவோடு சேர்க்கும் இணைப்பின் உள்ளே எழுதியிருக்கும் நிரலையும் அது பார்ப்பதில்லை. இணைப்பில் ஏஜென்ட் கூப்பிடக்கூடிய ஒவ்வொரு செயலும் ஒரு 'கருவி'. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், என்னென்ன விவரம் தர வேண்டும் என்ற குறிப்பு. அதன் கண்ணில் படுவது இவ்வளவுதான். உங்கள் இணைப்பில் அந்த விளக்கம் "கார்டை அப்டேட் செய்யும்" என்று ஒரே வரியில் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். இதை எழுதுகிறவர்கள் இன்னொரு புரோகிராமர் படிப்பார் என்று நினைத்தே எழுதுகிறார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அண்ணன் மகனிடம் இப்படி மாற்றச் சொல்லுங்கள்:

"முடிந்த வேலையின் கார்டை 'முடிஞ்சது' பட்டியலுக்கு நகர்த்தும். ஆர்கைவ் செய்யாது, அழிக்காது. கார்டு எண் கட்டாயம். தெரியாவிட்டால் முதலில் தேடும் கருவியைப் பயன்படுத்தவும். ஒன்றுக்கு மேற்பட்ட கார்டு கிடைத்தால் எதையும் நகர்த்தாமல், ஊரையும் வீட்டு விலாசத்தையும் காட்டி, எது என்று கேட்கவும்."

உங்கள் இரண்டாவது புகாருக்கு மருந்து அந்தக் கடைசி வாக்கியம். செட்டிநாட்டில் எந்த வீட்டை எடுத்தாலும் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு இருக்கும். 'வளவு பூச்சு' என்று நான்கு வீட்டுக்கும் கார்டு போட்டால் எந்த மாடல்தான் என்ன செய்யும்? கார்டுத் தலைப்பையே ஊர்ப்பெயரில் தொடங்குங்கள். ஆர்கைவ் செய்வதைத் தனிக் கருவியாகப் பிரித்துவிடுங்கள்.

விளக்கத்தைத் தமிழில் எழுதலாமா என்றால், தாராளமாக. ஆனால் ஒரு இடத்தில் மட்டும் உங்கள் தமிழைத் திருத்தாதீர்கள். போர்டில் பட்டியலின் பெயர் 'முடிஞ்சது' என்றால் விளக்கத்திலும் 'முடிஞ்சது'தான். இலக்கணம் பார்த்து 'முடிந்தது' என்று எழுதினால், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் நிரல் அப்படி ஒரு பட்டியலே இல்லை என்றுவிடும். ஏஜென்டும் சும்மா இருக்காது, புதிதாக ஒரு பட்டியலைத் தொடங்கினாலும் தொடங்கும். பெயருக்குப் பின்னால் ஒரு காலியிடம் கூடுதலாக இருந்தாலும் இதே கதி. தட்டச்சு செய்யாதீர்கள், போர்டிலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள். யாராவது அங்கே பெயரை மாற்றினால் அன்றைக்கே இங்கேயும் மாற்றுங்கள். பெயருக்குப் பதில் பட்டியலின் உள் எண்ணைக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

தேதிக்கு ஒரு வரி போதும்: ஆண்டு-மாதம்-நாள், இந்திய நேரம். டிரெல்லோ கெடுவை உலகப் பொது நேரத்தில் சேமிக்கிறது. வெறும் தேதி போனால் அதை அந்த நேரத்தின் நள்ளிரவு என்று எடுத்துக்கொண்டு, நம் கணக்கில் கெடு காலை 5.30 மணிக்கே முடிந்துவிடலாம். கொத்தனார் அப்போது டீக்கடைக்குக்கூட வந்திருக்க மாட்டார்.

அப்புறம் அந்தக் கன்சல்டன்ட். மாடலை மாற்று என்பவர் முதலில் விளக்கத்தைப் படித்தாரா என்று கேளுங்கள். இன்னொரு ரகம் உண்டு: டிரெல்லோவின் தொழில்நுட்பக் கையேட்டை அப்படியே விளக்கத்தில் ஒட்டிவிட்டு 'ஃபுல் செட்டப்' என்று பில் போடுவார்கள். கருவி விளக்கங்கள் ஒவ்வொரு கேள்வியோடும் மாடலுக்குப் போகும், அதற்கும் காசு. படு மோசமானது, ஊர் பேர் தெரியாத இலவச இணைப்பு. விளக்கத்துக்குள்ளேயே 'இந்தத் தகவலை அங்கே அனுப்பு' என்று ஏஜென்டுக்கு ரகசியக் கட்டளை ஒளிந்திருக்க முடியும். விளக்கங்களை முழுதாகக் காட்ட மறுப்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

அழிக்கும் கருவிக்கு மட்டும் எந்த விளக்கமும் வேண்டாம், அதை இணைப்பிலிருந்தே எடுத்துவிடுங்கள். டிரெல்லோவில் அழித்த கார்டு திரும்ப வராது. 'கவனமாக அழிக்கவும்' என்று எழுதிவைப்பது பூட்டு ஆகாது.

மாற்றியதும் போர்டை நகலெடுத்து, அதில் "பள்ளத்தூர் வளவில் கல் பதிச்சாச்சு, அந்த வேலையை முடிச்சிடு" என்று அதே வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள். எந்தக் கருவியைக் கூப்பிடுகிறது என்று அண்ணன் மகன் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். கன்சல்டன்ட் கையில் உங்கள் டோக்கன், அதாவது உங்கள் டிரெல்லோவைத் திறக்கும் சாவி, ஏற்கெனவே போயிருந்தால், டிரெல்லோ அமைப்புகளில் இன்றைக்கே ரத்து செய்துவிட்டுப் புதிது எடுங்கள்.