கூழைக்கடாவுக்கு நகம் முளைத்தால்

வாசகர் கேள்வி – பதில்

(பதில் சொல்பவர்: கடற்படையின் விமானப் பிரிவில் ஹெலிகாப்டர் என்ஜின்களோடு 22 ஆண்டுகள் மல்லுக்கட்டிவிட்டு, இப்போது உச்சிப்புளியில் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பவர்.)

கேள்வி (கீழக்கரை வாசகர்): உச்சிப்புளி கடற்படை விமானத் தளத்துக்குப் 'பருந்து' என்று ஏன் பெயர் வைத்தார்கள்?

பதில்: விமானத் தளங்களுக்குப் பறவைப் பெயர் வைப்பது கடற்படையின் வழக்கம். கொச்சியில் கருடா, கோவாவில் ஹன்சா, அரக்கோணத்தில் ராஜாளி. 2009-இல் நம் ஊருக்கு ஐ.என்.எஸ். பருந்து வாய்த்தது. தமிழ்ப் பெயர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கோழி வளர்க்கும் அடுத்த வீட்டு அக்காவுக்குத்தான் அந்தப் பெயர் இன்றுவரை பிடிக்கவில்லை.

கேள்வி (தொண்டியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்): ஐயா, நானும் நண்பர்களும் ராணுவ வாகனங்கள் மோதிக்கொள்ளும் கணினி விளையாட்டு ஒன்றை ஆடுகிறோம். டாங்கி, போர் விமானம், ஹெலிகாப்டர் எல்லாம் அதில் உண்டு. புதிதாக எதைச் சேர்க்கலாம் என்று ஆடுபவர்களே எழுதிப் பரிந்துரைக்கலாம். ஆயுதம் தாங்கிய போக்குவரத்து ஹெலிகாப்டர் என்று ரஷ்யாவின் எம்.ஐ-17-ஐப் பரிந்துரைத்து இரண்டு பக்கம் எழுதினேன். மற்ற ஆட்டக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். எழுதியதையும் படத்தையும் இணைத்திருக்கிறேன். எங்கே தவறினேன்?

பதில்: தம்பி, படத்திலேயே தவறிவிட்டீர்கள். நீங்கள் ஒட்டியிருப்பது எம்.ஐ-17-இன் அண்ணனான எம்.ஐ-8. வாலைப் பாருங்கள். அண்ணனுக்கு வால்விசிறி வலப்பக்கம், தம்பிக்கு இடப்பக்கம். உடம்பு ஏறக்குறைய ஒரே அச்சு. அண்ணன் 1961-இல் முதலில் பறந்தது. அதன் இரண்டு என்ஜின்களும் தலைக்கு 1,500 குதிரைத்திறன். தம்பி 1975-இல் வந்தது. தலைக்கு 1,900 அளவில். இதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு நீங்கள் எழுதிய ஒரு வரியையும் நம்ப மாட்டார்கள்.

அடுத்தது, 'வானத்து அசுரன்' மூன்று இடத்தில், 'வெல்ல முடியாத' ஐந்து இடத்தில். பென்சிலால் கோடு போட்டு எண்ணினேன். மேலச்செல்வனூர் கண்மாயில் கூழைக்கடா எழும்புவதைப் பார்த்திருக்கிறீர்களா? எழும்புவதற்குள் தண்ணீரை எத்தனை உதை உதைக்கிறது! எம்.ஐ-17 அந்தப் பறவை. ஆளையும் மூட்டையையும் சுமக்கப் பிறந்த பெரிய வயிறு அது. அதற்குப் பிற்பாடு நகம் மாட்டினார்கள். அந்த வேடிக்கைதான் உங்கள் பரிந்துரையின் சரக்கு. நீங்களோ அதை மறைத்துவிட்டுப் பருந்து என்று விற்கப் பார்க்கிறீர்கள்.

இப்போது கணக்கு. ஆறு ராக்கெட் குழல் கொத்து, ஒவ்வொன்றிலும் 32, ஆக 192 ராக்கெட் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி. அதே பத்தியில் இரண்டு 23 மி.மீ. பீரங்கிகளும் தொங்குகின்றன. தொங்கவிடும் இடம் பக்கத்துக்கு மூன்றாக ஆறுதான், தம்பி. ஆறிலும் ராக்கெட்டை மாட்டிய பிறகு பீரங்கியை எந்தக் கொக்கியில் மாட்டினீர்கள்? உள்ளே 30 வீரர்கள் வேறு.

எடையையும் பாருங்கள். வெறும் உடம்பு 7,100 கிலோ அளவில். எழும்பக்கூடிய உச்ச எடை 13,000. இடையில் இருப்பது ஆறு டன்னுக்குள். விமானிகள், எரிபொருள் என்று இரண்டு டன் போய்விடும். 57 மி.மீ. ராக்கெட் நிறைத்த ஒரு கொத்து 260 கிலோ என்றால், நான்கு கொத்துக்கே ஒரு டன். அது மூட்டை முடிச்சோடு பத்து வீரர்களின் எடை. காகிதத்தில் எப்படியோ கூடிவந்துவிடும். ஆனால் காகிதக் கணக்கு கடல் மட்டத்துக்கும் குளிர்ந்த காற்றுக்கும் போட்டது. உங்கள் ஊர் வல்லத்துக்காரரைக் கேளுங்கள். டீசல், ஐஸ், வலை மூன்றையும் நிறைத்துக்கொண்டு போகிறவர் மீனை எங்கே போட்டுக் கொண்டுவருவார்?

எனக்கு இந்தப் பாடம் சேத்தக்கில் கிடைத்தது. அது கடற்படையின் சின்ன ஹெலிகாப்டர், உச்ச எடை 2,200 கிலோ. காற்று அசையாத ஒரு சித்திரை மதியம், உச்சிப்புளி ஓடுதளத்தில் தார் இளகிக்கொண்டிருந்தது. எல்லோரும் ஏறி அமர்ந்தோம். விமானி இழுத்தார். சக்கரம் தரையை விட்டு ஒரு முழம் எழும்பியது, யோசித்தது, திரும்ப உட்கார்ந்தது. அவர் பின்னால் திரும்பி, "ஒருவர் இறங்க வேண்டும்" என்றார். இறங்கியது நான்தான். வெயில் ஏறினால் காற்று மெலியும், மெலிந்த காற்றில் விசிறிக்கும் பிடி குறைவு, என்ஜினுக்கும் மூச்சு குறைவு என்று புத்தகத்தில் படித்திருந்தேன். நிழலே இல்லாத அந்தத் தளத்தில் என் கைப்பையோடு நின்றபோதுதான் புரிந்தது.

மலைக்குப் போனால் இதைவிடக் கஷ்டம். 1999-இல் கார்கிலில் நம் விமானப்படை எம்.ஐ-17-களில் ராக்கெட் கொத்துகளை மாட்டி அனுப்பியது. மே 28 அன்று டோலோலிங் பக்கம் தாக்கப் போனவற்றில் ஒன்றைத் தோளிலிருந்து ஏவும் ஏவுகணை வீழ்த்தியது. நான்கு பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே ஹெலிகாப்டர்களைத் தாக்குதலுக்கு அனுப்பவில்லை. உங்கள் இரண்டு பக்கத்தில் இந்த நாள் இல்லை. இதுதான் முதல் பத்தியில் வந்திருக்க வேண்டும். உங்கள் விளையாட்டில் இந்த ஹெலிகாப்டர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று ஏது? வெப்பத்தைத் தேடிவரும் ஏவுகணைக்கு இரண்டு பெரிய புகைபோக்கிகளைக் காட்டிக்கொண்டு பறக்கும் வண்டி அது. ஏவுகணையை ஏமாற்ற எரிந்துகொண்டே விழும் ஃப்ளேர்களைச் சிதறும் கருவி இருக்கிறதா, எந்த ஆண்டு முதல் இருக்கிறது என்று எழுதுங்கள். விசிறியின் விட்டம் 21 மீட்டருக்கு மேல். நம் கரையின் பல விசைப்படகுகளை முழுதாக மூடிவிடும். ஒளிய மரம் தேடினால் பனங்காடு போதாது. ராக்கெட்டுகள் நேரே முன்னால்தான் போகும். குறி வைக்க வேண்டுமென்றால் வண்டி முழுவதையும் திருப்ப வேண்டும். உச்ச வேகம் மணிக்கு 250 கிலோமீட்டர்.

இவ்வளவையும் எழுதினால் யார் அதை ஆட விரும்புவார்கள் என்று கேட்பீர்கள். ஆட விரும்ப வைப்பது வயிறுதான். சாதாரணத் தாக்குதல் ஹெலிகாப்டர் சுட்டுவிட்டுத் திரும்பும், அவ்வளவுதான். இதற்குப் பின்னால் சிப்பி போல இரண்டாகப் பிளக்கும் கதவு இருக்கிறது. நம் விமானப்படை பிற்பாடு வாங்கிய வி-5 ரகத்தில் அந்த இடத்தில் சாய்தளம். குண்டு தீர்ந்து நிற்கும் கூட்டாளி டாங்கிக்குப் பக்கத்தில் இறங்கிக் குண்டுப் பெட்டி கொடுக்கட்டும். பழுது பார்க்கும் ஆட்களை இறக்கட்டும். ராக்கெட் கூட்டினால் பெட்டி குறையட்டும், பெட்டி கூட்டினால் ராக்கெட் குறையட்டும். ஆட்டம் தொடங்குவதற்கு முன் ஆடுபவர் அதைத் தீர்மானிக்கட்டும். இறங்கும்போது புழுதி கிளம்பிக் கண்ணை மறைக்கட்டும். பெரிய தலைவர்கள் வரும் நாளில் மண்டபம் ஹெலிபேடுக்குப் போய்ப் பாருங்கள், கடற்கரை மணல் என்ன பாடு படுகிறது என்று. ஒரே ரகம், ஒரே நாடு, ஒரே ஆண்டு என்று வரையறுத்து எழுதுங்கள். எல்லா ரகத்தின் சிறப்பையும் ஒன்றில் திணித்தால் அப்படி ஒரு வண்டி உலகில் எங்குமே பறந்திருக்காது.

கடிதத்தின் அடியில், "உங்களிடம் பழைய கையேடு இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். கிடையாது. இருந்தாலும் கிடையாது. இதே வகை விளையாட்டான வார் தண்டரில், 2021-இல், பிரிட்டனின் சேலஞ்சர் 2 டாங்கி சரியாக அமையவில்லை என்று வாதாடிய ஒருவர் அதன் கையேட்டுப் பக்கங்களையே பொதுவில் போட்டுவிட்டார். விளையாட்டை நடத்தும் நிறுவனமே அவற்றை நீக்க வேண்டியதாயிற்று. நம் நாட்டில் 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. என் ஓய்வூதியமும் உயிரோடு இருக்க வேண்டும்.

கையேட்டுக்குப் பதிலாக வேறொன்று தருகிறேன். எம்.ஐ-17 ஏற்கப்படவில்லை என்றால் அலூவெட் 3-ஐ எழுதுங்கள். நாம் உரிமம் வாங்கிச் செய்து சேத்தக் என்று பெயர் வைத்தது அதைத்தான். 1971-இல் வங்கதேச விடுதலைப் படைக்கு நாகாலாந்தின் திமாப்பூரில் 'கிலோ ஃப்ளைட்' என்று ஒரு குட்டி விமானப்படை உருவானது. ஒரு டகோட்டா விமானம், ஒரு ஆட்டர் விமானம், ஒரு அலூவெட் ஹெலிகாப்டர். மூன்றே மூன்று. அலூவெட்டில் 14 ராக்கெட், இயந்திரத் துப்பாக்கி, உள்தரையில் ஓர் அங்குல எஃகுத் தகடு. டிசம்பர் 3 இரவு அது டாக்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் நாராயண்கஞ்ச் எண்ணெய்க் கிடங்கைத் தாக்கியது. 2,200 கிலோ வண்டிக்குள் எஃகுத் தகடு! எத்தனை பேரை இறக்கிவிட்டிருப்பார்கள் என்று நினைத்தாலே எனக்குச் சித்திரை வெயில் உறைக்கிறது. விளையாட்டின் கீழ்ப்படியில், பழைய டாங்கிகளுக்கு நடுவே, இது அழகாகப் பொருந்தும். யாரும் சிரிக்க மாட்டார்கள்.

கேள்வி (சாயல்குடி வாசகி): ஹெலிகாப்டரைத் தினமும் குளிப்பாட்டுவார்களாமே, உண்மையா?

பதில்: உண்மை. கடல்மேல் தாழப் பறந்தால் உப்பு என்ஜினுக்குள் போய் உட்காரும், உலோகத்தை அரிக்கும். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரால் கழுவியாக வேண்டும். உப்புத் தண்ணீர் உதவாது. நான் அங்கே என்ஜினுக்கு நல்ல தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த நேரத்தில் என் வீட்டில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் வண்டிக்குக் காத்திருந்தார்கள். அதை வீட்டில் சொன்னது என் தவறு.

கேள்வி (பரமக்குடி வாசகர்): விளையாட்டுக்குப் பரிந்துரைக்க ரஷ்ய ஹெலிகாப்டர் எதற்கு? நம் நாட்டின் ருத்ரா இல்லையா?

பதில்: தாராளமாகப் பரிந்துரைக்கலாம். துருவ் ஹெலிகாப்டரின் உடம்பில் ஆயுதம் ஏற்றிய வடிவம்தான் ருத்ரா. 2007-இல் முதலில் பறந்தது. மூக்கின் அடியில் 20 மி.மீ. பீரங்கி, விமானி தலையைத் திருப்பும் பக்கம் அதுவும் திரும்பும். 70 மி.மீ. ராக்கெட்டும், வானிலேயே மற்றொன்றை வீழ்த்தும் மிஸ்ட்ரல் ஏவுகணையும் உண்டு. துருவின் பின்கூடம் அப்படியே இருப்பதால் போக்குவரத்து என்ற சொல்லுக்கும் இடம் இருக்கிறது. இருவர் மட்டும் முன்பின்னாக அமரும் நம் தாக்குதல் ஹெலிகாப்டரான பிரசண்ட்டை அந்த வகையில் சேர்க்க முடியாது. ஆனால் தொண்டித் தம்பிக்கு நான் ருத்ராவைச் சொல்லவில்லை. தலை திருப்பினால் சுடும் வண்டியைக் கொடுத்தால் அவர் மறுபடியும் 'அசுரன்' என்று எழுத ஆரம்பித்துவிடுவார்.

கேள்வி (மண்டபம் முகாமிலிருந்து ஒரு தாய்): என் அம்மா 1990-இல் மன்னாரிலிருந்து படகில் வந்தவர். இன்றும் மேலே ஹெலி போனால் எழுந்து வீட்டுக்குள் போய்விடுவார். என் மகன் கணினியில் ஹெலிகாப்டர் விளையாட்டு விளையாடுகிறான். நிறுத்தச் சொல்லட்டுமா?

பதில்: தங்கையே, முதல் வேலையாக மகனுக்கு ஹெட்ஃபோன் வாங்கிக் கொடுங்கள். விளையாட்டை நிறுத்துவதா என்பது பிறகு.

உங்கள் தாயார் பார்த்ததும் தொண்டி மாணவர் கேட்ட அதே வகைதான். பெல் 212 ஆளேற்றிச் செல்லும் ஹெலிகாப்டர். இலங்கை விமானப்படை அதன் கதவில் துப்பாக்கியும் பக்கத்தில் ராக்கெட்டும் மாட்டியது. அதற்கு மேல்விசிறியில் இரண்டே இறக்கை. தொலைவிலிருந்தே 'டப் டப் டப்' என்று காற்றை அறையும். நம் கரையில் பறக்கும் சேத்தக்குக்கு மூன்று இறக்கை, அறைவதற்கு மேலாக என்ஜினின் விசில்தான் கேட்கும். துருவுக்கு நான்கு, சத்தம் தொடர்ச்சியாக இரையும். ஒரு மாலை தாயாரோடு வாசலில் அமர்ந்து, ஏதாவது வரும்போது இதைச் சொல்லிப் பாருங்கள். முகாம் பக்கம் வந்தபோது ஒரு பெரியவரிடம் நான் சொல்லியிருக்கிறேன். அடுத்த முறை என்னைப் பார்த்ததும், "நேற்று வந்தது மூன்று, சரிதானே?" என்று கேட்டார். சரியாகத்தான் சொன்னார்.

இந்த வித்தை முழுதாகப் பலிக்காது. ஐந்து இறக்கை எம்.ஐ-8 ரகமும் 1987-இல் நம் அமைதிப்படையோடு இலங்கையில் பறந்தது. அந்தக் குடும்பத்தின் எம்.ஐ-17 இங்கே எப்போதாவது வரும். அன்று தாயார் உள்ளே போனால் போகட்டும், கூடவே நீங்களும் போய் அமருங்கள். இரண்டு இறக்கைச் சத்தம் மட்டும் மண்டபத்து வானத்தில் கேட்கக் காரணமில்லை. கேட்டால் உங்கள் மகனின் அறைக் கதவைத் திறந்து பாருங்கள், ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்திருப்பான்.