வாலிபாலும் காலேஜ் ஃபீஸும்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவில் வாலிபால் ஆடும் பிள்ளைகளைக் கல்லூரிகள் எப்படிப் பிடிக்கின்றன என்று போன இதழில் இரண்டு பத்தி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில். என்னைத் தெரியாதவர்களுக்கு: ஊரில் கல்லூரி அணிக்குச் செட்டராக (அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்) ஆடியவள். இங்கே ஒரு கிளப்பில் பதினாறு வயதுப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். என் மகள் டிவிஷன் 3 கல்லூரி ஒன்றில் லிபரோ, அதாவது பின் வரிசையில் பந்தை எடுக்க மட்டும் இறங்குபவள். (இங்கே கல்லூரி விளையாட்டை டிவிஷன் 1, 2, 3 என்று மூன்று அடுக்காகப் பிரித்திருக்கிறார்கள், 1-தான் மேல் அடுக்கு.)

மகள் பத்தாம் வகுப்பு. அவுட்சைட் ஹிட்டர் (வலையின் இடது ஓரத்திலிருந்து அடிப்பவள்), உயரம் 5 அடி 9 அங்குலம். கிளப் ஃபீஸ், விமான டிக்கெட், ஹோட்டல் என்று வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் டாலர் போகிறது. கடைசியில் ஃபுல் ஸ்காலர்ஷிப் கிடைத்துவிடும் இல்லையா?
– ஒரு தாய், டெக்சாஸ்

கிடைக்கலாம். ஆனால் அதை நம்பிச் செலவு செய்யாதீர்கள். கிளப்புக்குக் கட்டுகிற பணம் சீட்டுப் பணம் மாதிரி முதிர்ந்து கைக்குத் திரும்பாது. பெண் ஆசையாக ஆடுகிறாள், உங்களால் முடிகிறது, கட்டுகிறீர்கள். அதோடு அந்தக் கணக்கை மூடிவிடுங்கள்.

இப்போது ஸ்காலர்ஷிப் கணக்கு. 2024–25 வரை டிவிஷன் 1 பெண்கள் அணி ஒன்றுக்கு 12 ஸ்காலர்ஷிப். ஒவ்வொன்றும் முழுசு, உடைத்துப் பங்கு போடக் கூடாது. நாலு வருடப் படிப்புக்கு 12 என்றால் ஒரு கல்லூரியில் வருடத்துக்குச் சுமார் மூன்று இடம்தான் காலியாகும். 2025 ஜூனில், கல்லூரி ஆட்டக்காரர்கள் பணம் கேட்டுத் தொடுத்த 'ஹவுஸ்' வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்த பிறகு இந்தக் கணக்கு மாறிவிட்டது. சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகள் அணியில் 18 பேர் வரை வைத்துக்கொள்ளலாம், 18 பேருக்கும் ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம், ஒருவருக்கு முழுசு இன்னொருவருக்குக் கால் பங்கு என்றும் பிரிக்கலாம்.

12 போய் 18 வந்ததே, நல்லதுதானே என்று கேட்கிறார்கள். 'கொடுக்கலாம்' என்றுதான் விதி சொல்கிறது, 'கொடுக்க வேண்டும்' என்று சொல்லவில்லை. பணம் இருக்கிற பெரிய கல்லூரி கொடுக்கும். மற்றவை பிரித்துத் தரும். அதோடு, முன்பு ஸ்காலர்ஷிப் இல்லாமல் 'வாக் ஆன்' என்று கூடுதலாக நாலைந்து பேரைச் சேர்த்து வைத்திருந்த கோச், இப்போது 18-ஐத் தாண்ட முடியாது. போதாக்குறைக்கு, கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வேறு. இரண்டு வருடம் கல்லூரியில் ஆடித் தேறிய இருபது வயதுப் பெண் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, பள்ளிக்கூடத்துப் பெண்ணை எடுக்க கோச் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிப்பார்.

டிவிஷன் 2-ல் அணிக்கு எட்டு முழு ஸ்காலர்ஷிப் அளவுக்கான தொகை. அதைப் பதினைந்து பேருக்குப் பிரிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆளுக்குப் பாதி தேறும். டிவிஷன் 3-ல் விளையாட்டுக்கென்று பணமே கிடையாது. ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகள் டிவிஷன் 1-ல் ஆடினாலும் விளையாட்டுக்காக ஒரு டாலர் தருவதில்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுப்பதோடு சரி.

ஆனால் 'டிவிஷன் 3-ல் காசு இல்லை' என்று அந்தப் பக்கமே திரும்பாமல் இருக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வரும். வருடத்துக்கு 60,000 டாலர் கேட்கும் டிவிஷன் 1 கல்லூரி கால் பங்கு ஸ்காலர்ஷிப் தந்தால் நீங்கள் கட்டுவது 45,000. 75,000 கேட்கும் டிவிஷன் 3 கல்லூரி மார்க்கைப் பார்த்து 38,000 தள்ளுபடி செய்தால் கட்டுவது 37,000. முதல் பெண்ணின் படத்தை எல்லாரும் வாட்ஸாப் குரூப்பில் போட்டுக் கொண்டாடுவார்கள். இரண்டாவது பெண்ணின் அப்பா பேசாமல் எட்டாயிரம் டாலர் மிச்சம் பிடித்திருப்பார். உதவி போக நீங்கள் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று காட்டும் 'நெட் பிரைஸ் கால்குலேட்டர்' கல்லூரிகளின் வெப்சைட்டிலேயே இருக்கிறது. ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து போட்டுப் பாருங்கள்.

உங்கள் மகளைப் பற்றி: அவுட்சைடுக்கு 5 அடி 9 குறைவும் இல்லை, மிரட்டுகிற உயரமும் இல்லை. ஓடி வந்து எகிறினால் விரல் எந்த உயரத்தைத் தொடுகிறது என்பதைத்தான் கோச்சுகள் கேட்பார்கள். பெரிய அணிகள் 10 அடியை எதிர்பார்க்கும். அளந்து வையுங்கள். ஒரு அங்குலம் கூட்டிச் சொல்லாதீர்கள், நேரில் அளப்பார்கள்.

ஒரு ரிக்ரூட்டிங் கம்பெனி 3,000 டாலர் கேட்கிறது. கோச்சுகளிடம் அவர்களே பேசுவார்களாம். கொடுக்கலாமா?
– ஒரு தந்தை, ஜார்ஜியா

வேண்டாம். கம்பெனி மொத்தமாக அனுப்பும் மெயிலை கோச் திறக்காமலே தள்ளிவிடுவார். உங்கள் பெண் தானே எழுதினால் படிப்பார். எழுதுவதற்குக் காசு இல்லை.

ஆன்ட்டி, நான் பத்தாவது படிக்கிறேன், லிபரோ. அக்டோபரில் இருபது டிவிஷன் 1 கோச்சுகளுக்கு மெயில் அனுப்பினேன். ஒருத்தர்கூடப் பதில் போடவில்லை. இரண்டு பேர் மட்டும் கேம்ப் விளம்பரம் அனுப்பினார்கள். நான் அவ்வளவு மோசமாகவா ஆடுகிறேன்?
– மாணவி, நியூ ஜெர்சி

இல்லைம்மா. அவர்கள் பதில் போடக் கூடாது, அதுதான் விஷயம். பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15-க்கு முன்னால் டிவிஷன் 1, டிவிஷன் 2 கோச்சுகள் உன்னைச் சேர்ப்பது பற்றி உனக்கு மெயிலோ மெசேஜோ அனுப்பக் கூடாது, போனில் பேசக் கூடாது. கேம்ப் விளம்பரமும் கேள்விப் படிவமும் மட்டும் அனுப்பலாம். அந்த இரண்டு பேர் அனுப்பினார்களே, அதை அவ்வளவாகத் தலைக்கு ஏற்றிக்கொள்ளாதே. கேம்ப் விளம்பரம் ஊருக்கெல்லாம் போகும். டிவிஷன் 1-ல் கல்லூரிக்கு நேரில் போய் கோச்சோடு பேசுவதெல்லாம் பதினொன்றாம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1-லிருந்து. டிவிஷன் 3 கோச்சுகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. இன்றைக்கு எழுதினால் நாளைக்கே பதில் வரலாம். உன் இருபதில் அவர்கள் ஒருவர்கூட இல்லையே, ஏன்?

பதில் வராவிட்டாலும் எழுதுவதை நிறுத்தாதே. அவர்கள் படிக்கலாம், உன்னை வந்து பார்க்கலாம், வாய் திறக்கத்தான் கூடாது. அதனால் ஒவ்வொரு டோர்னமென்ட்டுக்கும் முந்தின வாரம் ஒரு மெயில். தலைப்பிலேயே எல்லாம் வந்துவிட வேண்டும்: பள்ளி முடிக்கும் வருடம், லிபரோ, பெயர், கிளப், ஜெர்சி எண். உள்ளே நாலைந்து வரி போதும். 'சனிக்கிழமை காலை 8 மணிக்கு 14-ஆம் கோர்ட்டில் எங்கள் முதல் ஆட்டம். உங்கள் அணியில் இந்த வருடம் லிபரோ படிப்பை முடிக்கிறார் என்று பார்த்தேன். எனக்கு பயாலஜி படிக்க ஆசை. என் ஜி.பி.ஏ. (மார்க் சராசரி) இவ்வளவு. வீடியோ இணைப்பு கீழே.' இவ்வளவுதான். இருபது கல்லூரிக்கும் ஒரே மெயிலை ஒட்டி, கோச்சின் பெயரை மட்டும் மாற்றினால் மாட்டிக்கொள்வாய். ஒரு கல்லூரியின் கோச்சுக்குப் போன மெயிலில் பக்கத்துக் கல்லூரியின் பெயர் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

வீடியோ மூன்று, நாலு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பாட்டு வேண்டாம், மின்னல் வெட்டுகிற எஃபெக்ட் வேண்டாம். எண்ட் லைனுக்குப் பின்னால், கொஞ்சம் உயரத்தில் கேமரா இருக்கட்டும். நீ லிபரோ. முதல் அரை நிமிடமும் சர்வீஸ் ரிசீவ். பந்து எதிரி கையை விட்டுக் கிளம்பும்போது உன் கால் எங்கே இருக்கிறது, செட்டர் நகராமல் எடுக்கிற மாதிரி பாஸ் போகிறதா, அதைத்தான் பார்ப்பார்கள். டைவ் அடித்து எடுத்த அழகான பந்தெல்லாம் அப்புறம். வெட்டி ஒட்டாத முழு செட் ஒன்றையும் தனியாக அனுப்பு. அதில் உனக்கு இரண்டு பந்து தவறிப் போயிருந்தால் இருக்கட்டும். தவறிய பிறகு நீ தலையைத் தொங்கப் போடுகிறாயா, பக்கத்தில் நிற்பவளை முறைக்கிறாயா, அடுத்த சர்வீஸுக்குக் குனிந்து தயாராகிறாயா என்று கோச் அந்த இடத்தைத்தான் திருப்பிப் போட்டுப் பார்ப்பார்.

மகன் 6 அடி 2 அங்குலம், நன்றாக அடிக்கிறான். பையன்களுக்கு இந்த வாய்ப்பெல்லாம் இல்லையா?
– ஒரு தந்தை, கலிபோர்னியா

இருக்கிறது, ரொம்பக் கொஞ்சம். டிவிஷன் 1-ல் பெண்கள் அணி வைத்திருக்கும் கல்லூரிகள் 300-க்கு மேல். ஆண்கள் அணி அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. அந்த அணிகளுக்கும் நெடுநாள் மொத்தம் நாலரை ஸ்காலர்ஷிப் அளவுப் பணம்தான் இருந்தது. ஐரோப்பாவிலிருந்து வரும் பையன்களோடு வேறு போட்டி. நீங்கள் கலிபோர்னியாவில் இருப்பது ஒரு வசதி. யு.சி.எல்.ஏ., லாங் பீச் ஸ்டேட் ஆட்டங்களை நேரில் பார்க்கலாம். 2024-லும் 2025-லும் இறுதி ஆட்டம் அவர்களுக்குள்தான் நடந்தது. ஒருமுறை அவனைக் கூட்டிப் போய் அவர்கள் வார்ம் அப் செய்வதைக் காட்டுங்கள். அவனே தன் இடத்தைக் கணித்துவிடுவான். எண்ணிக்கையில் ஆண்கள் அணிகள் அதிகம் இருப்பது டிவிஷன் 3-ல்.

ஒரு கோச் மகளிடம் "உனக்கு இடம் உண்டு" என்று போனில் சொல்லிவிட்டார். இனி மற்ற கல்லூரிகளோடு பேச வேண்டாமா? நேரில் வரச் சொல்கிறார். நாங்கள் என்ன கேட்க வேண்டும்?
– பெற்றோர், இல்லினாய்

வாய்வார்த்தை இரண்டு பக்கத்தையும் கட்டாது. கோச் வேறு கல்லூரிக்கு மாறிப் போனால் அந்த வார்த்தையும் கூடவே போய்விடும். முன்பு 'நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட்' என்று ஒரு தாள் இருந்தது, 2024 அக்டோபரில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது கையெழுத்துப் போடுவது கல்லூரியின் நிதி உதவி ஒப்பந்தத்தில். அது கைக்கு வரும்வரை மற்றவர்களோடு பேச்சை முறிக்காதீர்கள்.

கேட்க வேண்டியவை: ஸ்காலர்ஷிப் ஒரு வருடத்துக்கா, நாலு வருடத்துக்கா? முட்டி போய் ஒரு சீசன் உட்கார்ந்தால் என்ன ஆகும்? அவள் இடத்தில் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள், போர்ட்டலில் இன்னொருத்தியைத் தேடுகிறீர்களா? பதில் சொல்ல எத்தனை நாள் தருவீர்கள்? எல்லாம் மரியாதையாகக் கேட்கக்கூடிய கேள்விகள்தான். கோச்சுகள் எதிர்பார்த்தே உட்கார்ந்திருப்பார்கள்.

ஆனால் இதையெல்லாம் நீங்கள் கேட்காதீர்கள், மகள் கேட்கட்டும். என் அணிப் பெண் ஒருத்தியோடு இப்படி ஒரு சந்திப்புக்குப் போயிருந்தேன். கோச் அவளிடம், "எங்கள் கல்லூரி ஏன் பிடித்தது?" என்றார். அப்பா பதில் சொன்னார். இன்ஜினியரிங் ரேங்கிங்கிலிருந்து ஆரம்பித்தார். கோச் சிரித்துக்கொண்டே நாற்காலியை அவள் பக்கம் திருப்பி, "உனக்கு?" என்றார். "அவளுக்கும் அதேதான்," என்றார் அப்பா. அந்தப் பெண் மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலின் லேபிளைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கோர்ட்டில் ஆறு பேரையும் சத்தம் போட்டு நடத்துகிற பெண் அவள்! பிறகு அந்தக் கல்லூரியிலிருந்து போன் வரவேயில்லை. காரணம் அது ஒன்றுதானா என்று யாருக்குத் தெரியும். ஆனால் அடுத்த கல்லூரிக்கு அம்மாதான் கூடப் போனார்.

பெற்றோர் பேசுவதற்கு ஒரு இடம் உண்டு: பணம். சாப்பாடு, விடுதி, கோடை வகுப்பு எல்லாம் சேருமா என்று நீங்கள் தாராளமாகக் கேளுங்கள். இன்னொன்று, டியூஷனுக்கும் புத்தகத்துக்கும் போகும் ஸ்காலர்ஷிப்புக்கு வரி இல்லை. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் தரும் பங்கு வருமானமாகக் கணக்கில் வரும். ஏப்ரலில் வரிக் கணக்குப் போடும்போது முழிக்காதீர்கள்.

நாங்கள் எச்-1பி வேலை விசா, மகள் எங்களைச் சார்ந்த எச்-4. கிரீன் கார்டு வரிசை எப்போது நகருமோ தெரியாது. அவளுக்கு ஸ்காலர்ஷிப் தருவார்களா?
– ஒரு தாய், வட கரோலினா

தருவார்கள். வெளிநாட்டிலிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் வந்து ஆடுகிற பெண்களுக்கே தருகிறார்களே. விளையாட்டுப் பணமும் மார்க்குக்கான பணமும் கல்லூரி கொடுப்பது, கிரீன் கார்டு கேட்பதில்லை. கிடைக்காதது ஃபாஃப்ஸா என்கிற விண்ணப்பம் வழியாக வரும் மத்திய அரசு உதவி. மாநிலப் பல்கலைக்கழகத்தில் உள்ளூர் மாணவர் கட்டணம் எச்-4 பிள்ளைகளுக்குப் பல மாநிலங்களில் உண்டு. உங்கள் மாநில விதியை அட்மிஷன் அலுவலகத்திலேயே எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டு எச்சரிக்கை. 21 வயதானால் எச்-4 முடிந்துவிடும், பெரும்பாலும் மூன்றாம் வருடப் படிப்பின் நடுவில். எஃப்-1-க்கு மாறுவதை முன்கூட்டியே திட்டமிடுங்கள். அப்புறம் இந்த விளம்பரப் பணம், என்.ஐ.எல். என்கிறார்களே, கூட ஆடுகிற பெண் இன்ஸ்டாகிராமில் ஷூவைக் காட்டிச் சம்பாதிப்பாள். எச்-4-லோ எஃப்-1-லோ இருக்கிற பெண் அதையே செய்தால் அனுமதியில்லாத வேலை என்று ஆகிவிடக்கூடும். இமிக்ரேஷன் வக்கீலைக் கேட்காமல் ஒரு டாலர்கூட வாங்க வேண்டாம்.

அம்மா, என் பேத்தி ஓஹையோவில் பதினொன்றாவது படிக்கிறாள். எந்நேரமும் பந்தும் கையுமாகத் திரிகிறாளாம். அந்தக் காலத்தில் நானும் லைட் போட்டு ஆடிய ஆள்தான். ஆனால் படிப்பு என்னத்துக்கு ஆகும்?
– ஒரு தாத்தா, தஞ்சாவூர்

ஐயா, வணக்கம். படிக்காவிட்டால் ஆடவே விட மாட்டார்கள். டிவிஷன் 1-ல் ஆட ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று 16 பாடம் முடித்திருக்க வேண்டும். அதில் 10 பாடம் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடிய வேண்டும். மார்க் சராசரி 4-க்கு 2.3-க்குக் குறையக் கூடாது. அது குறைந்தபட்ச அளவுதான். நல்ல கல்லூரி கோச் முதல் போனிலேயே மார்க்கைக் கேட்பார். எம்.ஐ.டி.யிலும் ஜான்ஸ் ஹாப்கின்ஸிலும் வாலிபால் அணி உண்டு, இரண்டும் டிவிஷன் 3. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பெண்கள் 2019-ல் அந்தப் பிரிவின் சாம்பியன்கள்.

லைட் போட்டு ஆடியவர் என்கிறீர்கள், அதனால் இதைச் சொல்கிறேன். 2023 ஆகஸ்ட் 30 அன்று நெப்ராஸ்காவில் அமெரிக்கக் கால்பந்து ஸ்டேடியத்தின் நடுவில் வலை கட்டிக் கல்லூரிப் பெண்கள் ஆடினார்கள். பார்க்க வந்தவர்கள் 92,003 பேர். பேத்தியிடம் கேளுங்கள், அந்த வீடியோவைப் போட்டுக் காட்டுவாள்.

மகள் 5 அடி 3 அங்குலம். ஆசைப்படலாமா?
– ஒரு தாய், வர்ஜீனியா

லிபரோவோ செட்டரோ என்றால் தாராளமாக. வலைக்கு நடுவில் நின்று தடுக்கும் மிடில் பிளாக்கர் என்றால் இந்த வாரமே அவள் கோச்சிடம் பேசி பின் வரிசைக்கு மாற்றுங்கள். எகிறி, பந்து சுழலாமல் அடிக்கும் ஜம்ப் ஃப்ளோட் சர்வீஸும் போடத் தெரிந்தால், சர்வீஸுக்கும் டிஃபென்ஸுக்கும் மட்டும் இறக்கும் ஆளாகக்கூட எடுப்பார்கள்.