வாசகர் கேள்விகள்: வான்கோழிப் போட்டியில் விதி எது வரை?

சென்ற இதழில், வசந்தம் வந்தால் பென்சில்வேனியாவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மலைக்காட்டில் வான்கோழி கத்துவதைக் கேட்பதற்காகவே விடியுமுன் எழுந்துவிடுவேன் என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த இதழை நிரப்பிவிடும்போல இருக்கிறது, அதிலும் பாதிக்கு மேல் வேட்டைப் போட்டிகளைப் பற்றி. சரி, இந்த முறை அதையே பேசிவிடலாம்.

கேள்வி: அலுவலக நண்பர்கள் நடத்தும் வான்கோழி வேட்டைப் போட்டியில் இந்த வருடம் என்னையும் ஓர் அணியில் சேர்த்திருக்கிறார்கள். விதிகளே மூன்று பக்கம் இருக்கிறது. காட்டுக்குப் போகிறோமா, பரீட்சைக்குப் போகிறோமா என்று புரியவில்லை. இத்தனை விதி தேவையா? (வாசகர், அட்லாண்டா)

விதி தேவை, மூன்று பக்கம் தேவையில்லை. அந்தத் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு விதியும் எதற்காக இருக்கிறது என்று பாருங்கள். பறவைக்காகவா, பக்கத்து மரத்தடியில் உட்கார்ந்திருப்பவரின் உயிருக்காகவா, இல்லை யார் ஜெயித்தார் என்ற தகராறு வராமல் இருக்கவா? முதல் இரண்டில் ஓர் எழுத்தைக்கூடத் தளர்த்தக் கூடாது. மூன்றாவது வகை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்குக் காலைப்பொழுது நன்றாக இருக்கும்.

பறவைக்கான விதிகளை மாநிலச் சட்டமே வைத்திருக்கிறது. உங்கள் ஜார்ஜியாவில் 2022 முதல் சீசனுக்கு ஒருவருக்கு இரண்டு சேவல்தான், அதற்கு முன் மூன்று. தென்கிழக்கு மாநிலங்களில் குஞ்சுகள் பிழைப்பது குறைந்துகொண்டே வந்ததால் குறைத்தார்கள். இங்கே பென்சில்வேனியாவில் வசந்த சீசனின் முதல் பாதியில் நண்பகல் 12 மணியோடு துப்பாக்கியை இறக்கிவிட வேண்டும், முட்டை மேல் உட்கார்ந்திருக்கும் பெட்டைகளை நாள் முழுக்க யாரும் கலைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக. இதையெல்லாம் போட்டி விதியில் திரும்ப எழுத வேண்டியதில்லை. "சட்டத்தை மீறினால் பறவைக்குப் பாயிண்ட் கிடையாது, ஆளும் வெளியே" என்று ஒரு வரி போதும்.

உயிர் சம்பந்தப்பட்டதைத்தான் நான் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடச் சொல்வேன். சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் உடம்பில் எங்கும் தெரியக் கூடாது, காலுறை, கைக்குட்டை உட்பட, ஏனென்றால் வசந்தத்தில் சேவலின் தலை அந்த மூன்று நிறத்தில்தான் இருக்கும். தோளைவிட அகலமான மரமாகப் பார்த்து முதுகைச் சாய்த்து உட்கார வேண்டும். வான்கோழிச் சத்தத்தை நோக்கி ஒருநாளும் பதுங்கிப் போகக் கூடாது, அந்தச் சத்தத்தை எழுப்புவது சேவலை வரவழைக்கப் பெட்டை போலக் கூப்பிடும் இன்னொரு மனிதராக இருக்கலாம்.

இதை இப்படி அடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் எங்கள் பத்துப் பேர் போட்டியில், சீசனின் முதல் நாள் யார் முதல் பறவையைத் தராசுக்குக் கொண்டுவருகிறாரோ அவருக்குப் பத்துப் பாயிண்ட் கூடுதல் என்று ஒரு விதி வைத்தோம். கேட்க ஜாலியாக இருந்தது, நானும்தான் கை தூக்கினேன். அன்று காலை ஆறரை மணி இருக்கும், ஓர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்து சிலேட்டுக் கல்லில் குச்சியைத் தேய்த்துப் பெட்டைக் குரல் எழுப்பிக்கொண்டிருக்கிறேன், பின்பக்கம் சருகு நொறுங்குகிறது. இரண்டு அடி, ஒரு நிறுத்தம், மறுபடி இரண்டு அடி. வான்கோழி நடப்பதும் அப்படித்தான், மனிதன் பதுங்குவதும் அப்படித்தான். நான் திரும்பவில்லை, கையை ஆட்டவில்லை. அசைந்தால் பறவை என்று நினைத்துச் சுட்டுவிடுவார்கள். அசையாமல் இருந்தபடி, "இங்கே ஆள் இருக்கிறேன், நில்லுங்கள்" என்று உரக்கக் கத்தினேன். முப்பது கஜ தூரத்தில் விழுந்து கிடந்த மரத்துக்குப் பின்னாலிருந்து எங்கள் போட்டிக்காரர் ஒருவர் எழுந்தார், முகத்தில் ரத்தமே இல்லை. இருபது வருடம் வேட்டையாடியவர், மரத்தடியில் எப்படி உட்கார வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். இங்கே வசந்த வான்கோழியைக் கூப்பிட்டு வரவழைத்துத்தான் சுடலாம், பதுங்கிப் போவது சட்டப்படியே தப்பு என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும். பத்துப் பாயிண்ட் அவ்வளவையும் மறக்க வைத்துவிட்டது. அன்று சாயங்காலமே அந்த விதியைத் தூக்கிவிட்டோம்.

அதனால் அந்த மூன்று பக்கத்தில் "முதலில் கொண்டுவந்தால்", "இத்தனை மணிக்குள்", "அதிக எண்ணிக்கை" என்று எது இருந்தாலும் அதை எடுக்கச் சொல்லிச் சண்டை போடுங்கள். புதிய ஆள் என்று தயங்காதீர்கள்.

மதிப்பெண் முறைக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. பெரும்பாலான போட்டிகள் தேசியக் காட்டு வான்கோழி கூட்டமைப்பின் கணக்கைத்தான் எடுத்துக்கொள்கின்றன. எடையில் பவுண்டுக்கு ஒரு பாயிண்ட், நெஞ்சில் தொங்கும் தாடியின் நீளத்தில் அங்குலத்துக்கு இரண்டு, இரண்டு காலிலும் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளின் நீளத்தில் அங்குலத்துக்குப் பத்து. இருபதரை பவுண்டு சேவல், பத்து அங்குலத் தாடி, முள் ஒன்று ஓர் அங்குலம், மற்றது ஒன்றேகால் அங்குலம் என்றால் 20.5, 20, 22.5, மொத்தம் 63. ஒரு வயது இளஞ்சேவல், இங்கே ஜேக் என்பார்கள், பதினாலு பவுண்டு, நாலு அங்குலத் தாடி, கால் அங்குல முட்கள் என்றால் 27தான் வரும். முள் வயதோடு வளர்வது. அதற்குப் பத்துப் பங்கு கொடுத்ததால், ஜேக் எதிரில் வந்து நின்றாலும் "போய்ட்டு வா" என்று விட்டுவிட்டுக் காத்திருக்கத் தோன்றும். எனக்குப் பிடித்த விதி என்றால் இதுதான், காத்திருப்பதற்கு மதிப்பு கொடுக்கிறது. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். சில பெட்டைகளுக்கும் தாடி வளரும், பல மாநிலங்களில் அதைச் சுடச் சட்டமும் இடம் கொடுக்கிறது. போட்டியில் அதற்குப் பூஜ்யம் போட்டுவிடுங்கள்.

கேள்வி: இங்கே 1972 காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றாலே ஜெயில். அங்கே போட்டி வைத்துப் பறவையைக் கொல்வதை நீங்கள் ஆதரிக்கலாமா? (வாசகர், மதுரை)

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, நானும் வந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். இந்தப் பறவை திரும்பி வந்த கதையைத் தெரிந்துகொண்ட பிறகு கொஞ்சம் மாறினேன். காட்டை அழித்ததாலும், சந்தையில் விற்க வருடம் முழுக்கச் சுட்டதாலும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல மாநிலங்களில் ஒரு வான்கோழிகூட மிச்சமில்லை. 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் வரியைக் காட்டுயிர் மீட்புக்கென்றே ஒதுக்கியது. கூண்டில் வளர்த்த வான்கோழியைக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள், பிழைக்கவில்லை. 1950களில்தான் தானியத்தைத் தூவி, வந்து மேயும் கூட்டத்தின் மேல் வெடிமருந்து விசையால் வலையைப் பாய்ச்சி, காட்டுப் பறவையையே பிடித்து வேறு காடுகளுக்குக் கொண்டுபோனார்கள். விஸ்கான்சினுக்கு 1976இல் வான்கோழி வந்தது மிசௌரியிலிருந்து, பதிலுக்கு விஸ்கான்சின் வேறொரு காட்டுக்கோழி இனத்தைக் கொடுத்தது. நான் சொன்ன கூட்டமைப்பு தொடங்கிய 1973இல் நாடு முழுக்கச் சுமார் 13 லட்சம் பறவைகள் இருந்தன, இன்று அதைப் போலப் பல மடங்கு. அந்தச் செலவில் பெரும் பங்கை வேட்டைக்காரர்கள்தான் கொடுத்தார்கள்.

அதற்காக எல்லாப் போட்டியையும் நான் ஏற்றுக்கொள்ளவில்லை. யார் அதிகம் கொன்றார் என்று எண்ணிப் பரிசு கொடுப்பது எனக்குச் சகிக்காது. நியூயார்க் மாநிலம் 2023 டிசம்பரில் அப்படிப்பட்ட காட்டுயிர் வேட்டைப் போட்டிகளைத் தடைசெய்தது, ஆனால் மான், கரடி, வான்கோழிப் போட்டிகளுக்கு விலக்கு கொடுத்தது. வான்கோழிக்கு எத்தனை என்ற வரம்பு ஏற்கெனவே இருக்கிறது, அதைச் சாப்பிடவும் செய்கிறார்கள். ஆனாலும் போட்டி இல்லாவிட்டால் வீட்டில் படுத்திருக்கும் ஆள் போட்டிக்காகவே தன் இரண்டாவது டேக்கையும் (ஒரு பறவையைச் சுடுவதற்கான அனுமதிச் சீட்டு) தீர்த்துவிட்டு வருவார் என்பதை நான் மறுக்கவில்லை. அதனால் எங்கள் போட்டியில் ஆளுக்கு ஒரு பறவைதான் கணக்கு. சட்டம் எத்தனை அனுமதித்தாலும் சரி.

கேள்வி: எங்கள் பன்னிரண்டு பேர் போட்டியை நான் நடத்துகிறேன். ஒருவர் பறவையோடு எடுத்த போட்டோவில் இந்த வருடப் போட்டிக்கான சீட்டை வைக்க மறந்துவிட்டார். விதிப்படி அது செல்லாது. அவர் பொய் சொல்கிறவர் இல்லை, ஆனால் எதிர் அணி ஒத்துக்கொள்ள மறுக்கிறது. என்ன செய்ய? (வாசகர், மில்வாக்கி)

சீட்டு எதற்கு வைத்தீர்கள்? போன வருடத்துப் பறவையைக் காட்டி ஏமாற்றக் கூடாது என்பதற்குத்தானே. உங்கள் மாநிலத்தில் சுட்ட மறுநாள் மாலை 5 மணிக்குள் பதிவு செய்தாக வேண்டும், அதற்கு ஓர் உறுதிப்படுத்தும் எண் கிடைக்கும். அந்த எண்ணை எதிர் அணியிடம் காட்டி, ஏற்பதா இல்லையா என்று அவர்களையே முடிவு செய்யச் சொல்லுங்கள். நீங்களாகத் தளர்த்திவிட்டால் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதாகப் பேச்சு வரும், அந்தக் கசப்பு அடுத்த வசந்தம் வரை போகாது. அவர்கள் முடியாது என்றால் விதிப்படியே விட்டுவிடுங்கள், அந்த நண்பருக்குத் தனியாக நீங்களே பேசி ஆறுதல் சொல்லுங்கள். சீசன் நடுவில் விதியை மாற்றாதீர்கள். முடிந்த பிறகு எல்லாரையும் கூட்டி, இந்த மாதிரி மறதிக்குப் பறவையையே கணக்கிலிருந்து நீக்காமல் இரண்டு பாயிண்ட் குறைப்பது என்று எழுதிவிடுங்கள்.

அப்புறம், அளப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சண்டை பெரும்பாலும் அங்கேதான் வரும். தாடியைத் தோலிலிருந்து அது கிளம்பும் இடத்தின் நடுவிலிருந்து நுனி வரை அளக்க வேண்டும், இழுத்துப் பிடித்து நீட்டக் கூடாது. முள் வளைந்திருக்கும், அதனால் தையல்காரர் டேப் போல வளையும் டேப்பை, காலின் செதில் முடிந்து முள் தொடங்கும் இடத்தில் வைத்து, வெளி வளைவின் நடுக்கோட்டோடு நுனி வரை கொண்டுபோக வேண்டும். மண் ஒட்டியிருந்தால் முதலில் ஈரத்துணியால் துடையுங்கள், எட்டில் ஒரு அங்குல வித்தியாசம் என்றாலும் ஒன்றேகால் பாயிண்ட் ஆயிற்றே. அளப்பவர் ஒருவர் உங்கள் அணி, பக்கத்தில் நின்று பார்ப்பவர் எதிர் அணி. எங்கள் ஊரில் இதை ஆரம்பித்ததிலிருந்து வண்டியின் பின்கதவுப் பக்கம் நின்று காபி குடிக்கிற நேரம்தான் நீண்டிருக்கிறது.

கேள்வி: என் பதினோரு வயது மகன் வாயில் வைத்து ஊதும் அழைப்பானில் நாள் முழுக்க வான்கோழி மாதிரி கத்திக்கொண்டிருக்கிறான். அவன் அப்பா போட்டியில் சேர்த்துவிடலாம் என்கிறார். தோற்றால் மனம் விட்டுவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. (வாசகி, சார்லட்)

வேட்டைப் போட்டிக்கு அவசரம் வேண்டாம் அம்மா. அவனுக்குக் கூப்பிடும் போட்டி இருக்கிறதே! கூட்டமைப்பு பிப்ரவரியில் நாஷ்வில்லில் நடத்தும் தேசிய அழைப்புப் போட்டியில் சின்னப் பிள்ளைகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. நடுவர்கள் மறைப்புக்குப் பின்னால் உட்கார்ந்து காதால் மட்டும் கேட்டு மதிப்பெண் போடுவார்கள், மேடையில் நிற்பது யார் பிள்ளை என்பது அவர்களுக்குத் தெரியாது. அங்கே போகும் முன் ஊர்ப்பக்கம் நடக்கும் சின்னப் போட்டிகளில் பழகட்டும்.

காட்டுக்கும் போகட்டும், பல மாநிலங்களில் பெரியவர்கள் சீசனுக்கு முன்னால் சிறுவர்களுக்கென்று தனி நாள் ஒதுக்குகிறார்கள். எங்கள் போட்டியில் பிள்ளைகளின் பறவையை அளப்பதே கிடையாது. முதல் பறவை ஜேக் ஆனாலும் கிழட்டுச் சேவலானாலும் ஒரே மதிப்பெண், அதைக் கூப்பிட்டு வரவழைத்துக் கொடுத்த பெரியவருக்கும் சேர்த்து. போன வருடம் ஒரு சிறுமி குறி தவறிவிட்டு வந்தாள். கண்ணில் தண்ணீர் நிற்கும் என்று நாங்கள் பயந்துகொண்டிருக்க, அவளோ சேவல் தோகையை விரித்து இறக்கையைத் தரையில் இழுத்துக்கொண்டு வரும்போது அடிவயிற்றில் ஒரு உறுமல் கேட்டதே, அது காதில் கேட்கவில்லை, நெஞ்சில் கேட்டது என்று எல்லாரையும் பிடித்து நிறுத்திச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கேள்வி: சுட்டதை எப்படிச் சமைப்பீர்கள்? (வாசகி, கோவை)

நெஞ்சுக்கறியை நாருக்குக் குறுக்கே மெல்லியதாக அரிந்து, மிளகும் சோம்பும் தட்டிப் போட்டு, இரும்புச் சட்டியில் சட்டென்று வறுத்து இறக்கிவிட வேண்டும், கொஞ்சம் விட்டால் ரப்பர் ஆகிவிடும். கால் அப்படி இல்லை. நாள் முழுக்க நடந்த கால், உள்ளே ஈர்க்குச்சி போல நரம்பு நரம்பாக இருக்கும். சின்ன வெங்காயம், பூண்டு, மல்லி, மிளகாய் வறுத்து அரைத்த குழம்பில் மூன்று மணி நேரம் சிறு தீயில் விட்டால்தான் கறி எலும்பை விட்டுக் கழன்று வரும். அந்த நரம்புகளை மறக்காமல் பொறுக்கி எடுத்துவிட்டுப் பரிமாறுங்கள்.