66 மஸ்டாங்: ஷாக் டவரை வெட்டச் சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்

கேள்வி: ஹூஸ்டனில் வசிக்கிறேன். 1966 ஃபோர்டு மஸ்டாங் ஹார்ட்டாப் ஒன்று வாங்கியிருக்கிறேன். 289 வி8 இன்ஜின், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். 60 மைல் வேகத்தில் பிரேக் பிடித்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. ஃப்ரீவேயில் நேராகப் போகவே ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. ஒரு கடையில் காட்டினேன். முன்பக்கத்தை வெட்டி ‘மஸ்டாங் 2’ சஸ்பென்ஷன், நான்கு சக்கரத்துக்கும் 13 அங்குல டிஸ்க், ஆறு பிஸ்டன் கேலிப்பர், பூஸ்டர், எல்லாம் சேர்த்து 16,000 டாலர் என்றார்கள். ரேஸ் ஓட்டப்போவதில்லை, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய்வரத்தான். இவ்வளவு தேவையா?

பதில்: தேவையில்லை. அதில் கால்வாசிச் செலவுகூட இல்லாமல் உங்கள் பயம் தீரும். ஆனால் வேலையைச் சரியான வரிசையில் செய்ய வேண்டும். அந்தக் கடை சொன்ன வரிசை அவர்கள் லாபத்துக்கான வரிசை.

முதலில் அந்த வெட்டும் வேலை. ‘மஸ்டாங் 2’ என்பது 1974 முதல் 1978 வரை வந்த சின்ன மஸ்டாங். அதன் முன் சஸ்பென்ஷன் அமைப்பை ஒட்டி இன்று பல கம்பெனிகள் கிட் செய்கின்றன. இன்ஜின் அறையின் இருபுறமும் எழும்பி நிற்கும் ஷாக் டவர்களை அறுத்தெடுத்துவிட்டு அதை வெல்டிங் செய்வார்கள். இதனால் இன்ஜின் அறையில் இடம் கிடைக்கும். அகலமான புது இன்ஜின் வைப்பவருக்கு அது வரம்தான். உங்களுக்கு 289-ஐ வைத்துக்கொண்டு அந்த இடம் எதற்கு? இந்த வண்டிக்குத் தனிச் சேஸி கிடையாது, பாடிதான் சேஸி. முன் ஸ்பிரிங்கின் பாரத்தை டவரின் தலைதான் வாங்குகிறது. டவரை எடுத்துவிட்டால் அந்தப் பாரமெல்லாம் கீழேயுள்ள மெல்லிய தகரப் பெட்டி ரெயிலுக்குப் போகும். அறுபது வருடத் துரு அதற்குள் எவ்வளவு இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. வெட்டியபின் திரும்ப வழியும் இல்லை.

இப்போது உண்மையான ஆபத்து. 1966 மஸ்டாங்கில் மாஸ்டர் சிலிண்டர், அதாவது பெடலை மிதித்தால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பம்பு, ஒற்றை அறை. நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் ஆயில், ஒரே அழுத்தம். எங்கோ ஒரு ஹோஸ் வெடித்தால் போதும், பெடல் தரையைத் தொடும், நான்கு சக்கரமும் பிடிக்காது. 1967 மாடலிலிருந்துதான் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று இரட்டை அறை வந்தது. 16,000 டாலர் எஸ்டிமேட்டைப் பற்றிப் பேசுவதற்குமுன் மாற்ற வேண்டியது இதைத்தான்.

அதற்கும் முன் டிரம்களைக் கழற்றிப் பாருங்கள். இடப்பக்கம் இழுக்கிறது என்றால் பெரும்பாலும் வலப்பக்கம் சரியாகப் பிடிக்கவில்லை. வீல் சிலிண்டர் கசிந்து ஷூ நனைந்திருக்கலாம், ஷூ அட்ஜஸ்ட்மென்ட் வித்தியாசமாக இருக்கலாம், பழைய ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதி அடைத்திருக்கலாம். பழைய ஷூ தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஏர் பிடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

இரட்டை மாஸ்டர் சிலிண்டர் வாங்கும்போது ‘முன் டிஸ்க், பின் டிரம், பூஸ்டர் இல்லாதது’ என்று சொல்லியே கேளுங்கள். அதன் துளை, அதாவது உள்விட்டம், 1 அங்குலம் அல்லது 15/16 அங்குலம். துளை சின்னதானால் பெடல் லேசாகும், ஆனால் கால் இன்னும் கொஞ்சம் கீழே போகும். டிரம்முக்கான பழைய மாஸ்டர் சிலிண்டரையோ அதே மாதிரிப் புதியதையோ டிஸ்க்குக்குப் போடக்கூடாது. டிரம்முக்குப் போகும் வாயில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் சின்ன வால்வு உள்ளே இருக்கும். டிஸ்க்கில் அந்த அழுத்தம் நின்றால் பேட் உரசிக்கொண்டே இருக்கும், இருபது மைல் ஓடியதும் சக்கரம் கொதிக்கும். டிஸ்க்குக்கென்று 2 பிஎஸ்ஐ வால்வு ஒன்றையும் சிலர் கூடவே தள்ளிவிடுவார்கள். மாஸ்டர் சிலிண்டர் கேலிப்பரைவிடத் தாழ்வாக, தரைக்கடியில் இருக்கும் வண்டிகளுக்குத்தான் அது. உங்களுடையது இன்ஜின் அறைக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகட்டில், அதாவது ஃபயர்வாலில், உயரத்தில் இருக்கிறது. வேண்டாம்.

பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. பழைய மாஸ்டர் சிலிண்டருக்குக் கீழே ஒரு சின்னப் பித்தளைக் கட்டை இருக்கும். ஒரு குழாய் உள்ளே வந்து மூன்றாகப் பிரியும். இரட்டை மாஸ்டரை மாட்டிவிட்டு இரண்டு குழாயையும் அந்தக் கட்டையிலேயே சேர்த்துவிட்டால், பார்க்க இரட்டை, வேலையில் ஒற்றை. பின்சக்கரக் குழாயை அதிலிருந்து பிரித்தெடுத்து, நடுவில் பின் அழுத்தத்தைக் குறைக்கும், அட்ஜஸ்ட் செய்யக்கூடிய புரோபோர்ஷனிங் வால்வு வைத்து, தனியாக மாஸ்டருக்குக் கொண்டுபோங்கள். குழாய் 3/16 அங்குலம், முனை 45 டிகிரி டபுள் ஃபிளேர் (இரண்டாக மடித்து விரித்த முனை). நிக்கல் கலந்த செம்புக்குழாய் வளைக்க எளிது, துருவும் பிடிக்காது. வெறும் செம்புக்குழாயோ, நடுவில் ஒட்டுப்போடும் கம்ப்ரெஷன் ஃபிட்டிங்கோ பிரேக்கில் வரவே கூடாது.

பெடலிலிருந்து வரும் தள்ளுகம்பிக்கும் மாஸ்டரின் பிஸ்டனுக்கும் இடையில் ஏறத்தாழ 1/16 அங்குல இடைவெளி விடுங்கள். அது இல்லையென்றால் பிஸ்டன் முழுதாகப் பின்வராது, ஆயில் தொட்டிக்குத் திரும்பும் துளை திறக்காது, பிரேக் தானாகவே மெல்ல மெல்ல இறுகும். கேலிப்பர் கெட்டுவிட்டது என்று புதிது வாங்கவைக்கும் கோளாறு பல சமயம் இந்த இடைவெளிதான்.

முன்சக்கரத்துக்கு டிஸ்க் போடுங்கள், அதில் சந்தேகமே வேண்டாம். டிரம் சூடானால் விரிந்து ஷூவைவிட்டு விலகும், தண்ணீர் பட்டால் ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் விடும். அந்தக் காலத்தில் ஃபோர்டே ஆப்ஷனாகக் கொடுத்தது கெல்சி-ஹேய்ஸ் நான்கு பிஸ்டன் கேலிப்பரும் 11¼ அங்குலத்தை ஒட்டிய டிஸ்க்கும்தான். சுமார் 1,300 கிலோ எடையுள்ள வண்டிக்கு அது தாராளம். 13 அங்குல டிஸ்க் போட்டால் 17 அங்குலச் சக்கரம் வாங்க வேண்டிவரும், அந்த எஸ்டிமேட்டில் அதைச் சொன்னார்களா? நீங்கள் சொன்ன அளவு வேலைக்கு வண்டியை நிறுத்துவதில் எல்லை வைப்பது டயரின் பிடிமானம், டிஸ்க்கின் அகலம் இல்லை. பின்னால் 10 அங்குல டிரம் இருக்கட்டும். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னுக்குத்தான் சாய்கிறது. பின் டிஸ்க் போட்டால் ஹேண்ட்பிரேக் தலைவலி வேறு. இன்ஜின் உறிஞ்சும் வேக்கத்தை வைத்துப் பெடலுக்குப் பலம் சேர்க்கும் பூஸ்டரும் வேண்டாம். மஸ்டாங்கின் நெருக்கத்தில் அதைத் திணிப்பதே பாடு, அதோடு பழைய வி8-ல் முன்பு யாராவது பெரிய கேம்ஷாஃப்ட் போட்டிருந்தால் வேக்கம் போதாமல் பெடல் கல்லாகிவிடும்.

டிஸ்க் கிட் விற்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பலர் தயாரிப்பாளர்கள் இல்லை. ஓரிடத்தில் கேலிப்பர், ஓரிடத்தில் டிஸ்க், இன்னோரிடத்தில் மாஸ்டர் வாங்கி ஒரே பெட்டியில் போட்டுத் தங்கள் ஸ்டிக்கரை ஒட்டுகிறவர்கள். பணம் கட்டுமுன் கேளுங்கள்: இந்தக் கேலிப்பர் எந்த வண்டியினுடையது, பேட் தேய்ந்தால் எந்த மாடலின் பேட் கேட்டு வாங்குவது? மாஸ்டரின் துளை என்ன? ஹோஸில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் டாட் (DOT) முத்திரை இருக்கிறதா? முதல் கேள்விக்கே ‘எங்களிடமே வாங்கிக்கொள்ளலாம்’ என்று பதில் வந்தால் போனை வைத்துவிடுங்கள். அந்தக் கடை மூடும் நாளில் உங்களுக்குப் பேட் கிடைக்காது.

இதையெல்லாம் யாராவது அதிகாரி பார்த்துக்கொள்வார் என்று நினைக்காதீர்கள். அமெரிக்கக் கூட்டாட்சி விதி 106 ஹோஸுக்கு உண்டு, 116 பிரேக் ஆயிலுக்கு உண்டு. பிரேக் எவ்வளவு தூரத்தில் பிடிக்க வேண்டும் என்ற விதி தொழிற்சாலையிலிருந்து வரும் புது வண்டிக்குத்தான். பெட்டியில் வரும் கேலிப்பரை ஓட்டிச் சோதித்துச் சான்று கொடுக்க ஆளில்லை. டெக்சாஸில் 2025 ஜனவரி 1 முதல் சொந்த உபயோக வண்டிகளுக்கு வருடாந்தரப் பாதுகாப்புப் பரிசோதனையையே எடுத்துவிட்டார்கள். ஹூஸ்டனில் புகைச் சோதனை உண்டு, ஆனால் அது 24 வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு. ஆக, 66 மஸ்டாங்கின் பிரேக்கைச் சட்டப்படி யாரும் தொட்டுப் பார்க்கப்போவதில்லை. பரிசோதனைக்குப் பதிலாக என்று ஏழரை டாலர் கட்டணத்தை மட்டும் மறக்காமல் வைத்திருக்கிறார்கள்.

ஃப்ரீவேயில் அலைவதற்கு வருவோம். ஷாக் அப்சார்பரை மாற்று, காயில்ஓவர் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றான அமைப்பு) போடு என்பார்கள். முதலில் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கைகளின் ரப்பரையும் மூட்டுகளையும் பாருங்கள்: லோயர் ஆர்ம் புஷ், அப்பர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டை ராட் முனைகள், ஐட்லர் ஆர்ம். தேய்ந்ததை ஒரே தவணையில் மாற்றிவிடுங்கள். லோயர் ஆர்ம் போல்ட்டையும் பின்னால் லீஃப் ஸ்பிரிங் போல்ட்டையும் வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கவே கூடாது. சக்கரத்தில் பாரம் நின்ற பிறகுதான் கடைசி இறுக்கு. இல்லையென்றால் வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சில மாதத்தில் கிழிந்துவிடும். முன் ஸ்பிரிங் அப்பர் ஆர்ம்மேல் அமுங்கி நிற்கிறது. இந்த வண்டிக்கென்ற உள்பக்க ஸ்பிரிங் கம்ப்ரெஸர் இல்லாமல் கழற்ற முயன்றால் கையோ முகமோ போகும்.

பாலியூரித்தேன் புஷ் எல்லா இடத்துக்கும் நல்லது என்று விற்கிறார்கள். லோயர் ஆர்மை முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் ஸ்ட்ரட் ராடுக்கு மட்டும் போடாதீர்கள். அந்தக் கம்பி மேலும் கீழும் அசைய வேண்டும். ரப்பர் அதற்கு இடம் கொடுக்கும், பாலி கொடுக்காது. அசைவெல்லாம் கம்பியின் மரைப் பகுதியில் வளைவாக விழுந்து ஒருநாள் அங்கேயே முறியும். முறிந்தால் பிரேக் பிடிக்கும் நேரத்தில் சக்கரம் பின்னுக்கு மடங்கும்.

பிறகு காசு அதிகம் கேட்காத நல்ல வேலை ஒன்று: அப்பர் ஆர்மை இறக்குவது. ஃபோர்டு இன்ஜினியர் கிளாஸ் ஆர்னிங் கணக்குப்போட்டது, 1965 ஷெல்பி ஜிடி350-ல் வந்தது. டவரில் அப்பர் ஆர்ம் மாட்டும் இரு துளைகளுக்கும் 1 அங்குலம் கீழே, 1/8 அங்குலம் பின்னே, 17/32 டிரில்லால் புதுத் துளை. தகட்டு டெம்ப்ளேட் விலைக்குக் கிடைக்கும், அதில்லாமல் கண்ணளவில் போடாதீர்கள். வளைவில் வண்டி சாயும்போது வெளிச்சக்கரம் நிமிர்ந்து தரையைப் பிடிக்கும், முன்பக்கமும் சுமார் 5/8 அங்குலம் இறங்கும். இன்னும் இறங்கட்டுமே என்று ஸ்பிரிங்கை அறுக்காதீர்கள். கூடவே வளைவில் சாய்வைக் குறைக்கும் 1 அங்குல முன் ஸ்வே பார், டவருக்கும் ஃபயர்வாலுக்கும் இடையில் எக்ஸ்போர்ட் பிரேஸ் என்ற தாங்கு. பின்பக்கம் லீஃப் தொய்ந்திருந்தால் புது லீஃப், நல்ல ஷாக், அவ்வளவுதான்.

அலைன்மென்ட்தான் உங்கள் மல்லுக்கட்டலுக்குப் பாதிக் காரணம். சங்கிலி டயர்க் கடையில் கம்ப்யூட்டரில் ‘1966’ என்று தட்டுவார்கள். அன்றைய பயஸ் டயருக்கான (குறுக்கு நூல் வைத்த பழைய ரகம்) எண் வரும், காஸ்டர் (பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டியரிங் அச்சின் சாய்வு) பூஜ்யத்தை ஒட்டி. ரேடியல் டயருக்கு அது பொருந்தாது. ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: காஸ்டர் பாசிட்டிவ் 2 முதல் 3 டிகிரி, கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு) நெகட்டிவ் அரை டிகிரி, டோ-இன் (முன்விளிம்புகள் உள்ளே திரும்பும் அளவு) 1/8 அங்குலம். 66-ல் இது ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) வைத்துச் செய்யும் வேலை. ‘ஷிம் வண்டி பார்ப்பதில்லை’ என்றால் வாதாடாமல் லாரி அலைன்மென்ட் செய்யும் கடையைத் தேடுங்கள்.

மேலே சொன்ன அத்தனையும் உங்கள் வண்டி பிறவியிலேயே வி8 என்றால்தான். இதை மட்டும் இப்போதே எழுந்து போய்ப் பாருங்கள். வின் எண்ணின், அதாவது வண்டியின் அடையாள எண்ணின், ஐந்தாவது எழுத்து சி (C), ஏ (A), கே (K) என்றால் வி8. டி (T) என்றால் ஆறு சிலிண்டர் வண்டியில் பிற்பாடு யாரோ 289-ஐ வைத்திருக்கிறார்கள். விற்றவர் சொல்லியிருக்க மாட்டார். சக்கரத்தைப் பாருங்கள், ஆறு சிலிண்டருக்கு நான்கு போல்ட், வி8-க்கு ஐந்து. ஐந்து இருக்கிறதே என்று நிம்மதியாகிவிடாதீர்கள், நான்கை ஐந்தாக்கும் அடாப்டர் தட்டு இருக்கலாம். சக்கரத்தைக் கழற்றினால் தெரிந்துவிடும். அது இருந்தால் ஸ்பிண்டில் மெல்லியது, டிரம் 9 அங்குலம், டை ராட், ஐட்லர் ஆர்ம், நடுக்கம்பி எல்லாமே இலகு ரகம், பின் ஆக்ஸில் 7¼ அங்குலம். அந்த ஸ்பிண்டிலுக்கும் டிஸ்க் கிட் விற்கிறார்கள். வாங்காதீர்கள். வி8 ஸ்பிண்டில், வி8 ஸ்டியரிங் கம்பிகள் முழு செட், 8 அங்குலப் பின் ஆக்ஸில், இந்த மூன்றும் வந்த பிறகுதான் மேலே உள்ள முதல் வரி தொடங்குகிறது. முன்னுக்கு மட்டும் மாற்றிப் பின்னை விட்டால் இரண்டு வகைச் சக்கரம் வைத்துக்கொண்டு திண்டாடுவீர்கள்.

மாட்டி முடித்ததும் கேலிப்பரில் ஏர் எடுக்கும் நிப்பிள் மேல்பக்கம் இருக்கிறதா பாருங்கள். கீழே இருந்தால் இடமும் வலமும் மாறிவிட்டது, எத்தனை லிட்டர் ஆயில் ஊற்றினாலும் காற்று போகாது. மாஸ்டரில் வெளியிலேயே ஏர் எடுத்துவிட்டு மாட்டி, பிறகு பின் வலம், பின் இடம், முன் வலம், முன் இடம் என்று போங்கள். பிரேக் ஆயில் டாட் 3 அல்லது 4, சிலிக்கோன் டாட் 5-ஐ இதோடு கலக்காதீர்கள். முன் பேரிங் நட்டைச் சக்கரம் சுற்றியபடி 17 முதல் 25 அடி-பவுண்டு வரை இறுக்கி, அரைச்சுற்று விட்டு, கையால் மட்டும் மறுபடி இறுக்கி, நட்டைப் பூட்டும் காட்டர் பின்னைப் போடுங்கள். ஆளில்லாத இடத்தில் 35 மைலிலிருந்து 5 வரை முழுதாக நிறுத்தாமல் எட்டுப் பத்துத் தடவை பிரேக் பிடித்துப் பேடைப் பழக்குங்கள். ஆறியபின் ஒருமுறை அழுத்திப் பிடித்து, எந்தச் சக்கரம் முந்திப் பூட்டுகிறது என்று வெளியே நின்று ஒருவர் பார்க்கட்டும். பின்சக்கரம் முந்தினால் வால்வில் பின் அழுத்தத்தைக் குறைத்து மறுபடி பாருங்கள். 500 மைல் ஆனதும் அப்பர் ஆர்ம் நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபார்த்து, அலைன்மென்டை இன்னொரு தடவை எடுத்துவிடுங்கள்.