காய்ந்த ஓக் கொட்டை முளைக்காது, ஆச்சி

ஆச்சி, மகன் கோஸ்டாரிகாவிலிருந்து கொண்டுவந்த மலை ஓக் கொட்டைகளை வளவில் காயவைத்து டப்பாவில் போட்டேன், ஒன்றுகூட முளைக்கவில்லை என்கிறீர்கள். விதைநெல் பழக்கம்தான் காரணம்! ஓக் கொட்டை காய்ந்தால் உயிர் போய்விடும். நெல், கேழ்வரகு மாதிரி உலர்த்தி விதை வங்கியில் உறைய வைக்கவும் முடியாது. அதனால்தான் நீங்கள் சொல்லும் குவெர்கஸ் இன்சிக்னிஸ் (இந்த மலை ஓக்கின் அறிவியல் பெயர்) போன்ற அழியும் நிலையிலுள்ள ஓக்குகளைத் தாவரவியல் பூங்காக்களில் மரமாகவே வளர்த்துக் காக்கிறார்கள்.

ஏதாவது பிழைத்திருந்தாலும் நட வேண்டாம். மேகம் தவழும் மலைக்காட்டு மரம் அது, காரைக்குடிச் சித்திரை வெயிலைத் தாங்காது. அப்புறம், அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் வெளிநாட்டு விதை கொண்டுவரக் கூடாது. கொட்டைக்குள் வண்டுப்புழு இருக்கலாம், மகனிடம் சொல்லிவையுங்கள்.

மரம்தான் வேண்டுமென்றால் இலுப்பை வையுங்கள். சரி, அந்த விதையையும் காயவிடாதீர்கள், விழுந்த கையோடு ஊன்றுங்கள்.