மிச்ச மாத்திரை வேண்டாம்

கேள்வி: சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவு வர மூன்று நாளாகுமாம். போன முறை மிஞ்சிய ஆன்டிபயாட்டிக்கை அதுவரை சாப்பிடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். ஒரு வேளை போட்டாலே கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம். தொற்று உள்ளேயே இருக்கும், எந்த மருந்து கேட்கும் என்பது தெரியாது. முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு, நடுவில் வருவதை ஆய்வகம் தரும் சுத்தமான டப்பாவில் பிடியுங்கள். 2 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். தாமதமானால் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெளியே கிடந்தால் தோலிலிருந்து கலந்த கிருமிகள் பெருகி முடிவையே குழப்பிவிடும்.

மாதிரி கொடுத்ததும் மருத்துவர் மருந்து தொடங்கலாம். அறிக்கையில் அந்த மருந்துக்கு நேரே ‘ஆர்’ (R) என்றிருந்தால் கிருமி அதற்கு அடங்காது. உடனே அவரிடம் காட்டுங்கள். குளிர்நடுக்கக் காய்ச்சலோ விலா வலியோ வந்தால் முடிவுக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.